நிற்கிற வண்டிக்கு எதற்கு இன்சூரன்ஸ்?

அப்பா போய் ஏழு மாதம் ஆன பிறகும் அவர் போனை அணைக்க எங்களுக்கு மனசு வரவில்லை. அம்மா அதைச் சார்ஜ் போட்டு டிவி ஸ்டாண்டு மேலேயே வைத்திருந்தாள். 2024 செப்டம்பர் தொடக்கத்தில் அதில் ஒரு எஸ்எம்எஸ் வந்தது. அப்பா பெயரைச் சொல்லி அழைத்து, உங்கள் கார் பாலிசி 9-ம் தேதியோடு முடிகிறது, புதுப்பித்துக்கொள்ளுங்கள் என்றது. அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "என்னடா செய்யணும் இதுக்கு?" என்று கேட்டாள். லிங்க்கைத் தொட்டுப் பார்த்தேன். முழு பாலிசிக்கு 10,000 ரூபாயை ஒட்டி வந்தது. கீழே பார்க்கிங்கில் கார் கவருக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. பிப்ரவரிக்குப் பிறகு இரண்டே தடவை ஸ்டார்ட் செய்திருக்கிறோம். எனக்கு ஆபீஸ் போக பைக்கும் பறக்கும் ரயிலும் போதும். விற்கலாம் என்றால் அம்மா முகம் சுருங்கிவிடும். "நிக்கிற வண்டிக்கு எதுக்கும்மா இன்சூரன்ஸ்? எடுக்கும்போது பாத்துக்கலாம்" என்றேன். அவளும் சரி என்றாள். அந்தப் பேச்சு அரை நிமிஷம்கூட நீடித்திருக்காது. ஒன்றரை வருஷமாக அந்த அரை நிமிஷத்தைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே புதுப்பித்து, பிரிண்ட் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு டேஷ்போர்டில் வைப்பார். ஒரு தடவைகூட கிளெய்ம் போட்டதில்லை. அதனால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாதவருக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி, ஏறி ஏறி உச்சமான 50 சதவீதத்தில் நின்றது. பம்பரில் கீறல் விழுந்தால்கூடக் கைக்காசு போட்டுச் சரி செய்வாரே தவிர அந்த ஐம்பதைத் தொட விட மாட்டார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் வருகிறது என்றதும் முதல் நாள் சாயங்காலமே காரை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். எங்கள் பார்க்கிங்கில் அந்தத் தடவை சீட் மட்டத்துக்குத் தண்ணீர் ஏறியது. இரண்டு பேர் தண்ணீர் வடிந்ததும் அவசரப்பட்டுச் சாவியைத் திருப்ப, இன்ஜினுக்குள் தண்ணீர் போய் இறுகிவிட்டது. வெள்ளத்தில் நனைந்ததற்குப் பணம் உண்டு, நனைந்த பிறகு ஸ்டார்ட் செய்து கெடுத்ததற்குத் தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுத்திருந்தால்தான் உண்டு என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அப்பாவின் கார் மட்டும் மேம்பாலத்திலிருந்து உலர்ந்து இறங்கி வந்தது. அதை அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் கழித்து அவரே போய்விட்டார்.

அந்த மாலை

2024 அக்டோபர் 14, திங்கட்கிழமை. சென்னைக்கு ரெட் அலர்ட் வரப்போகிறது என்று காலையிலிருந்தே பேச்சு. சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் தெருவில் கார் கவர்களை உருவும் சத்தம். மேம்பாலத்தில் ஏற்கனவே வரிசை கட்டி நிற்கிறது, இப்போதே போனால்தான் இடம் கிடைக்கும் என்றார்கள். அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாவியை எடுத்துக் கையில் கொடுத்தாள். ஊரிலிருந்து வந்திருந்த சித்தப்பாவும் கூட இறங்கினார்.

கவரை எடுத்ததும் உள்ளே அப்பாவின் வாசனை, விபூதியும் அமிர்தாஞ்சனும் கலந்தது, அப்படியே இருந்தது. சாவியைத் திருப்பினேன். டிக் என்ற ஒரே சத்தம். பேட்டரி செத்திருந்தது. ஜம்பர் கேபிள் யாரிடமும் இல்லை. தெருவில் இறக்கித் தள்ளி ஸ்டார்ட் பண்ணிவிடலாம் என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் வாட்ச்மேன் தாத்தாவும் சித்தப்பாவும் பின்னால் கை வைத்தார்கள். நான் ஸ்டியரிங்கில். எங்கள் பார்க்கிங் தெருவைவிட இரண்டடி உயரம். வாசலில் ஏழெட்டு அடிக்குச் சிமெண்ட் சரிவு, செங்குத்தாகவே இருக்கும். முன் சக்கரம் சரிவின் உச்சியில் ஏறி இறங்கிய நொடியில் பின்னால் தள்ளிய கைகள் தேவைப்படாமல் போய்விட்டன. பிரேக்கை அழுத்தினேன். பெடல் கல்லாக இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், எனக்கே அன்றைக்கு முன்னால் தெரியாது. இன்ஜின் ஓடும்போது அது உண்டாக்கும் வெற்றிடத்தின் துணையோடுதான் நம் பாதத்தின் சின்ன அழுத்தம் பெரிய பிரேக்காக மாறுகிறது. இன்ஜின் அணைந்த பிறகு மிச்சமிருக்கும் வெற்றிடத்தில் ஒன்றிரண்டு மிதி வேலை செய்யும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் அதுவும் இருக்காது. பிரேக் இல்லாமல் போவதில்லை, இருக்கிறது, இரண்டு காலாலும் உயிரைக் கொடுத்து மிதித்தால் பிடிக்கும். அதற்கு ஒரு நொடி வேண்டும். என்னிடம் இருந்தது அரை நொடி. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், லிவர் மேலே வந்தது, வேகம் பாதிதான் குறைந்தது. ஸ்டியரிங்கும் இன்ஜின் உதவி இல்லாமல் இரும்பாக இருந்தது.

தெருவில் அந்நேரம் எங்களுக்குத் தண்ணீர் கேன் போடும் அண்ணன் டிவிஎஸ் எக்ஸெலில் வந்துகொண்டிருந்தார். மழைக்கு முன்னால் எல்லோரும் இரண்டு கேன் கூடுதலாகக் கேட்டிருந்ததால் வண்டியின் முன்னாலும் பக்கத்திலும் கேன்கள். பம்பர் அவர் எக்ஸெலின் நடுவில் இடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. வண்டி சாய்ந்து, அவர் வலது கால் எக்ஸெலுக்கும் எதிர் வீட்டுச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. ஒரு கேன் உடைந்து தண்ணீர் என் காலடி வரை வந்தது. அவர் கத்தவில்லை. "சார், வண்டியப் பின்னால எடுங்க சார்" என்று மெதுவாகத்தான் சொன்னார். எடுக்க வண்டியில் உயிர் இல்லை. நாலு பேரும் சேர்ந்து தள்ளித்தான் எடுத்தோம்.

கணுக்காலுக்கு மேலே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்திருந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனோம். சாலை விபத்தில் காயம்பட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் 'நம்மைக் காக்கும் 48' திட்டம் அந்த மருத்துவமனையில் இருந்தது. மறுநாளே பிளேட் வைத்துவிட்டார்கள். 2021 டிசம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது செய்தியாக மட்டும் படித்திருந்தேன். அன்று இரவு கவுண்டரில் அதன் பெயரைக் கேட்டதும் எனக்குக் கைகால் நடுக்கம் நின்றது. ஆனால் ஆபரேஷனுக்கு அப்புறமான இரண்டு மூன்று மாதம் அந்த 48 மணி நேரத்துக்குள் வராது. கேன் தூக்கினால்தான் அவருக்குக் காசு.

இரவு பத்து மணிக்கு அவர் மனைவி வந்தார். புடவைத் தலைப்பு நனைந்திருந்தது. யார் இடித்தது, எப்படி இடித்தது என்றெல்லாம் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில் ஒரே கேள்வி.

"வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்குங்களா சார்?"

நான் பதில் சொல்லுமுன் சித்தப்பா குறுக்கே வந்தார். என்னைக் காப்பாற்றத்தான். "வண்டி ஓடவே இல்லையேம்மா. இன்ஜினே ஆன் ஆகல. தள்ளிக்கிட்டு வந்தோம், வழுக்கிடுச்சு. இதப் போயி ஆக்சிடெண்டுன்னு சொல்ல முடியுமா?" என்றார். அந்த அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லீங்க" என்றேன். சரி என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து கணவரின் லுங்கியை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். ஏற்கனவே மடித்திருந்த லுங்கி. பிரித்து மறுபடி மடித்தார். நான் போய் எதிரில் நின்றேன், என்ன சொல்வது என்று தெரியவில்லை. செலவெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "பாப்பீங்க சார், இப்ப பாப்பீங்க" என்றார். அதில் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்த உலகத்தில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

வெளியே மழை வலுத்திருந்தது. இரண்டு நாள் கழித்து ரெட் அலர்ட் சொன்ன 16-ம் தேதி தூறலோடு போய்விட்டது, தாழ்வு மண்டலம் வடக்கே நகர்ந்துவிட்டது. எங்கள் பார்க்கிங்கில் தண்ணீர் வரவே இல்லை. கார் இருந்த இடத்திலேயே இருந்திருக்கலாம்.

'ஓடவே இல்லையே'

சித்தப்பா சொன்னது என்னை விடவில்லை. அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறதா என்று உள்ளுக்குள் ஒரு குரல் தேடிக்கொண்டே இருந்ததுதான் காரணம். செப்டம்பரில் நான் அம்மாவிடம் சொன்னதும் அக்டோபரில் அவர் அந்த அம்மாவிடம் சொன்னதும் ஒரே வாக்கியம்தான். ஓடாத வண்டி வண்டி இல்லை. ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள், போனேன், எழுதிக் கொடுத்தேன். இன்சூரன்ஸ் இல்லாததற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 196-வது பிரிவில் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்றார்கள். அதெல்லாம் தலைக்குள் நுழையவில்லை. நண்பன் மூலமாக ஒரு வக்கீல் அம்மாவைப் பார்த்தபோது முதலில் இதைத்தான் கேட்டேன். மேடம், இன்ஜின் ஆஃப்ல இருந்த வண்டி.

அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "இந்த வாதம் 1991-லயே முடிஞ்சுபோச்சு சார்" என்று ஒரு தீர்ப்பை எடுத்துக் காட்டினார். மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில், விடிவதற்கு முன்னால், ஒரு பெட்ரோல் டேங்கரும் லாரியும் மோதுகின்றன. டேங்கர் சாலையை விட்டு இறங்கிக் கவிழ்ந்து கிடக்கிறது. பெட்ரோல் ஒழுகுகிறது. விடிந்ததும் பக்கத்துக் கிராமத்து ஜனங்கள் கூடுகிறார்கள். மோதி நாலு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு தீப்பிடித்து வெடிக்கிறது. இறந்துபோன ஒரு பையனின் தாய் இழப்பீடு கேட்டபோது, டேங்கர் அப்போது ஓடவில்லை, கவிழ்ந்து கிடந்தது, அதை வாகனத்தின் பயன்பாடு என்று எப்படிச் சொல்வது என்று எதிர்த் தரப்பு வாதாடியது. உச்ச நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. பயன்பாடு என்ற சொல்லை அகலமாகத்தான் பார்க்க வேண்டும், பழுதாகியோ விபத்தாலோ அசையாமல் கிடக்கும் வண்டியும் அதற்குள் வரும் என்றது. அந்தத் தாயின் எதிரில் யாரோ ஒருவர் நின்று 'வண்டி ஓடவே இல்லையே' என்று உச்ச நீதிமன்றம் வரைக்கும் சொல்லியிருக்கிறார். படித்து முடித்தபோது எனக்கு உடம்பு கூசியது.

அதற்கப்புறம் தேடித் தேடிப் படித்தேன். போர்ச்சுக்கலில் ஒரு பெண்மணி உடம்பு சரியில்லாததால் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். கார் வீட்டு முற்றத்திலேயே நின்றது. பதிவை ரத்து செய்யவில்லை, இன்சூரன்ஸும் போடவில்லை. 2006 நவம்பரில் அவர் மகன் அவருக்குத் தெரியாமல் காரை எடுத்துப் போய், சாலையை விட்டு விலகி, மகனும் கூட இருந்த இரண்டு பேரும் இறந்துபோனார்கள். அந்த இரண்டு பேரின் குடும்பங்களுக்கு அந்நாட்டு உத்தரவாத நிதி பணம் கொடுத்துவிட்டு, அதைத் திருப்பிக் கேட்டு அந்தத் தாய் மேலேயே வழக்குப் போட்டது. 2018 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், பதிவில் இருக்கிற, ஓடும் நிலையில் இருக்கிற கார் சொந்த இடத்தில் சும்மா நின்றாலும் அதற்கு இன்சூரன்ஸ் இருந்தே ஆக வேண்டும் என்றது. மகனை இழந்த ஒருத்தியிடம் நாலு லட்சம் யூரோவுக்கு மேல் கேட்பதா என்று முதலில் கொதித்தேன். அப்புறம் அந்த மற்ற இரண்டு வீடுகளை நினைத்தேன். அவர்களுக்குப் பணம் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும் அல்லவா?

நம் சட்டம் அந்த அளவுக்குப் போகவில்லை. 146-வது பிரிவு பொது இடத்தில் பயன்படுத்தும் வண்டிக்குத்தான் மூன்றாம் நபர் காப்பீடு, அதாவது நம் வண்டியால் அடிபடும் மற்றவருக்குப் பணம் தரும் காப்பீடு, கேட்கிறது. பூட்டிய ஷெட்டுக்குள் நிற்கும் காருக்கு இல்லை என்பதற்காக யாரும் அபராதம் போட மாட்டார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் எத்தனை கார் ஷெட்டுக்குள் நிற்கிறது? தெருவோரம் மாதக்கணக்கில் தூசி படிந்து நிற்கும் கார்களெல்லாம் பொது இடத்தில்தான் நிற்கின்றன. பிரிட்டனில் ஓட்டப்போவதில்லை என்றால் முறையாக அறிவிப்புக் கொடுத்து, காரைச் சாலையிலிருந்து எடுத்து உள்ளே விட வேண்டும். அறிவிப்பும் இல்லை இன்சூரன்ஸும் இல்லை என்றால், நின்றாலும் அபராதம், 2011-லிருந்து. இங்கே சொந்தக் காருக்கு அப்படி அறிவிக்கிற பழக்கமே இல்லாததால், 'ஓட்டப்போவதில்லை' என்பது நமக்கு நாமே மனசுக்குள் சொல்லிக்கொள்வதோடு நின்றுவிடுகிறது. அதை மீறவும் மனசு ஒன்றே போதும். எனக்கு ஒரு ரெட் அலர்ட் போதுமாக இருந்தது.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும். முழு பாலிசி வேண்டாம் என்று முடிவெடுத்ததில் தப்பில்லை. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருக்கலாம். 1,000 முதல் 1,500 சிசி வரையான காருக்கு வருஷத்துக்கு 3,416 ரூபாய், 18 சதவீத வரியோடு 4,031 என்பதுதான் அப்போது விலை. கார் சேதத்துக்கான பகுதி விட்டுப்போனால் மறுபடி எடுக்க வண்டியை வந்து பார்ப்பார்கள், 90 நாள் தாண்டினால் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். நெடுநாள் ஷெட்டில் விடும் காருக்குத் தீக்கும் திருட்டுக்கும் மட்டும் என்று சுருக்கிக் கேட்கவும் பழைய மோட்டார் டாரிஃப் விதிகளில் வழி இருந்திருக்கிறது. எதைக் குறைத்தாலும் அந்த மூன்றாம் நபர் என்கிற பகுதியைக் குறைக்க எனக்கு உரிமை இல்லை. அது என் காருக்கான பணமே இல்லை. நான் இன்னும் சந்திக்காத ஒருவருக்காகக் கட்டி வைப்பது. என் விஷயத்தில் அவரை எனக்கு ஐந்து வருஷமாகத் தெரியும். வாரம் இரண்டு தடவை எங்கள் மாடி ஏறியவர்.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. அப்பாவின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்து பாலிசியின் சின்ன எழுத்துகளைப் படித்தோம். காப்பீடு எடுத்தவர் இறந்தால் பாலிசி இறந்த நாளிலிருந்து மூன்று மாதம் வரை, அல்லது பாலிசி முடியும் வரை, எது முந்தியோ அதுவரைதான் செல்லும். அதற்குள் வாரிசு தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும், இல்லை புதிதாக எடுக்க வேண்டும். ஆர்சி மாற்ற ஆர்டிஓவில் படிவம் 31, இறப்புச் சான்றிதழ், தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழ். நாங்கள் எதையும் செய்யவில்லை. அதாவது செப்டம்பரில் முடிகிறது என்று போனுக்கு எஸ்எம்எஸ் வந்த அந்தப் பாலிசி மே மாதமே முடிந்துபோயிருந்தது. பதினாறு நாள் காரியமெல்லாம் ஒன்று விடாமல் செய்தோம், பேங்க், கேஸ், ரேஷன் கார்டு எல்லாம் மாற்றினோம். காரை மட்டும் அப்பா பெயரிலேயே விட்டு வைத்திருந்தோம். அம்மாவுக்கு அது ஆறுதலாக இருந்தது.

இரண்டாம் எதிர்மனுதாரர்

2025 மார்ச்சில் நீதிமன்றத்திலிருந்து நோட்டீஸ் வந்தது. சென்னையில் விபத்து இழப்பீட்டு மனுக்கள் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கின்றன. சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்பதால் யாரோ அந்தத் தண்ணீர் கேன் அண்ணனுக்குச் சொல்லிப் போட வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம் செய்தார்கள். வழக்கமாக இந்த மனுக்களில் எதிர்மனுதாரர் ஒன்று என்ற இடத்தில் வண்டிக்காரர் பெயரும் இரண்டு என்ற இடத்தில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரும் இருக்கும். எங்கள் நோட்டீஸில் ஒன்று, ஓட்டியவன் என்ற முறையில் நான். இரண்டு, மறைந்த பதிவு உரிமையாளரின் வாரிசு என்று அம்மாவின் பெயர். அம்மா அதையும் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள். "உங்கப்பா பேரு கோர்ட்டுக்கு வந்துடுச்சேடா" என்றாள். அதற்குப் பிறகு அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

யார் தப்பு என்று நிரூபிக்காமலே கேட்கக்கூடிய தொகையே, 164-வது பிரிவில், பலத்த காயத்துக்கு இரண்டரை லட்சம் ரூபாய் என்றார் வக்கீல். அந்த அண்ணன் என் அலட்சியம் என்று சொல்லியே கேட்டிருக்கிறார், அதற்கு மேலும் வரலாம். சித்தப்பா போன் செய்து இன்னும் அந்தப் பாயிண்டை விடவில்லை. அவருக்கு ஒன்று மட்டும் சொன்னேன்: பதில் மனுவில் இன்ஜின் ஓடவில்லை என்ற வார்த்தை வராது, வரக் கூடாது என்று வக்கீலிடம் சொல்லிவிட்டேன். தீர்ப்பு எவ்வளவு சொல்கிறதோ அதைக் கட்டுவோம், தவணையாகவாவது. காரை விற்றால் ஒரு பகுதி தேறும், அம்மாவே அதைச் சொன்னாள். ஆர்சியை என் பெயருக்கு மாற்றி, மூன்றாம் நபர் காப்பீடு போட்டுத்தான் விற்பனைக்கு வைத்திருக்கிறோம். வாங்க வருகிறவர் தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார் இல்லையா?

அந்த அண்ணன் பிப்ரவரியிலேயே மறுபடி கேன் போட ஆரம்பித்துவிட்டார். முதல் நாள் அவரைத் தெருமுனையில் பார்த்தபோது நான் ஒதுங்கப் பார்த்தேன். அவரே வண்டியை நிறுத்தி, "இன்னிக்கு எத்தன கேன் சார்?" என்றார். நோட்டீஸ் வந்த அடுத்த நாளும் அதையே கேட்டார். பேச்சு எடுக்கலாமா என்று நான் தயங்கியதைப் பார்த்துவிட்டு, "கேஸ் கேஸ்பாட்டுக்கு நடக்கட்டும் சார், தண்ணி வேணும்ல" என்றார். அவர் கணுக்கால் முழுதாக மடங்குவதில்லை, சமதளத்தில் தெரியாது, படியில் தெரியும். எங்களுடையது இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இப்போது கேனைப் படிக்கட்டுக்குக் கீழே வைத்துவிட்டு ஹாரன் அடிப்பார். நான் இறங்கி வந்து தூக்கிக்கொண்டு மேலே போகிறேன். இருபது லிட்டர். முதல் மாடித் திருப்பத்தில் ஒரு தடவை கை மாற்ற வேண்டியிருக்கிறது.